வீட்டில் இன்சுலின் போடத் தொடங்குகிறவர்களுக்கு: சீட்டு வாங்குவதிலிருந்து ஊசியை அப்புறப்படுத்துவது வரை

நீரிழிவு கிளினிக்கில் புதிதாக இன்சுலின் தொடங்குகிறவர்களுக்குப் போடச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்கும் முன்னால், வீட்டில் அப்பாவுக்கு ஆறு வருடம் நானே போட்டிருக்கிறேன். சுகர் குறையாமல் திரும்பி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “வீட்டில் போடுவது போலவே இங்கே ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.” பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

மருத்துவர் பார்ப்பது ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும். பாட்டிலுக்கும் தோலுக்கும் இடையில் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். போடும் முறை தவறாக இருந்தால், அந்தத் தவறின் மேல் அவர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் படியுங்கள். எத்தனை யூனிட் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை; அது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

1. மருத்துவரிடமிருந்து எழுந்து வருவதற்கு முன் மருந்துச் சீட்டில் இருக்க வேண்டியவை

இன்சுலினின் முழுப் பெயர், கூடவே வரும் எண்ணோடு. “மிக்ஸ்டார்ட்” என்று மட்டும் இருந்தால் போதாது. 30/70-ஆ 50/50-ஆ என்று இருக்க வேண்டும். ஒரே கம்பெனியின் பெட்டிகள் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடையில் அவசரத்தில் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்னால் என்பது. சீட்டில் “காலை 16, இரவு 10” என்று மட்டும் எழுதியிருப்பார்கள். “இரவு” என்றதும் பலர் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்கிறார்கள். 30/70 போன்ற கலவை இன்சுலினில் அந்த இரவு டோஸ் இரவுச் சாப்பாட்டுக்கானது. சாப்பிட்டு முடித்துப் பத்தரை மணிக்குப் போட்டுக்கொண்டு படுத்தால், நடு இரவில் அது வேலை செய்யும்போது வயிற்றில் ஒன்றும் இருக்காது. வியர்த்து எழுந்து உட்கார வேண்டியதுதான்.

பொதுவான கணக்கு இது. பழைய வகை ரெகுலர், 30/70 கலவை இரண்டும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற புதிய வேக இன்சுலினும் அவற்றின் கலவைகளும் சாப்பிட உட்காரும் நேரத்தை ஒட்டி. கிளார்ஜின், டெக்ளூடெக் போன்ற நாள் முழுக்க வேலை செய்பவற்றுக்குச் சாப்பாட்டு நேரத்தோடு தொடர்பில்லை. தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

மூன்றாவதாக, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளில் எது தொடரும், எது நிற்கும் என்று கேளுங்கள். கிளிமெபிரைடு மாதிரி மாத்திரை இன்சுலினோடு சேர்ந்தால் சுகர் இறங்கும் வாய்ப்பு கூடும். கேட்காமல் பழைய மாத்திரைகளை அப்படியே தொடர்கிறவர்களும் உண்டு, ஊசிதான் வந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வம்பு.

2. பாட்டில் எண்ணும் சிரிஞ்சு எண்ணும் ஒன்றா?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இந்தியாவில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்களில் பெரும்பாலானவை யு-40. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். 10 மில்லி பாட்டிலில் மொத்தம் 400 யூனிட். பேனா வடிவ இன்சுலின் கருவிக்குள் (இதைத்தான் ‘பேனா’ என்கிறோம்) போடும் கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குழாய், பெரும்பாலும் யு-100. மில்லிக்கு 100 யூனிட், 3 மில்லியில் 300. கிளார்ஜின் போன்ற சில மருந்துகள் பாட்டிலிலேயே யு-100-ஆக வருகின்றன. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வருவதும் யு-100 தான்.

சிரிஞ்சும் அதற்கேற்றபடி இரண்டு வகை. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ட்யூப் லைட் வெளிச்சத்தில் இந்த இரண்டு நிறமும் ஒன்று போலவே தெரியும். அதனால் மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். ஒரு மில்லி சிரிஞ்சின் அளவுக்கோடு 40-இல் முடிந்தால் யு-40. 100-இல் முடிந்தால் யு-100.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ஓர் அம்மா வந்திருந்தார். காலை வெறும் வயிற்றில் 280. மூன்று முறை டோஸ் ஏற்றி 30 யூனிட்டுக்கு வந்தும் அசையவில்லை. எடுத்துக் காட்டச் சொன்னேன். பையிலிருந்து யு-40 பாட்டிலும் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சும் வந்தன. அதில் 30 என்ற கோடு வரை இழுத்தால் 0.3 மில்லி, யு-40 மருந்தில் அது வெறும் 12 யூனிட். இத்தனை நாளும் அவருக்குப் போனது 12 தான். “கடையில் சிவப்பு இல்லை, இதுவும் அதேதான்னு கொடுத்தாங்க” என்றார்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தப்பு தெரியாமலே அடுத்த மாதம் சரியான சிவப்பு மூடிச் சிரிஞ்சு கிடைத்திருந்தால், அதே 30 கோட்டுக்கு உண்மையாகவே 30 யூனிட் போயிருக்கும். ஒரே நாளில் இரண்டரை மடங்கு. எனவே இப்படி மாறியிருப்பதை நீங்களே கண்டுபிடித்தால், சத்தமில்லாமல் சிரிஞ்சை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி டோஸையும் புதிதாக வாங்குங்கள்.

தலைகீழ்த் தவறு இன்னும் ஆபத்து. யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் எடுத்தால் சொன்னதைவிட இரண்டரை மடங்கு உள்ளே போகும். பேனா கெட்டுப்போனதென்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிப் போடுகிறவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம்.

கடையில் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

3. வீட்டில் எங்கே வைப்பது

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் எந்த இடம் என்பதுதான் கேள்வி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்கும். அங்கே வைத்தால் சில நாள் உறைந்துவிடும். பின்சுவரை ஒட்டி வைத்தாலும் அதே கதை. காய்கறித் தட்டுக்கு மேலே நடுப்பகுதியிலோ கதவிலோ, ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பா எதற்கென்றால், குழந்தைகள் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போது உருண்டு பின்னால் போகாமல் இருக்கத்தான்.

ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிப் பழையபடி தெரிந்தாலும், தூக்கிப் போட வேண்டும். உறையும்போது அந்தப் புரதத்தின் அமைப்பு குலைந்துவிடும். வீரியம் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் சொல்ல முடியாது.

திறந்து பயன்படுத்துவதை வெளியிலேயே, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு நான்கு வாரம் கணக்கு. சில வகைகளுக்கு ஆறு அல்லது எட்டு வாரம் வரை போகும். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று இருக்கும். திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதுங்கள். பெட்டியில் எழுதினால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை போதும். பெரிய பானையில் ஈர மணல், அதன் நடுவே மூடியோடு ஒரு சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் மருந்து. காற்றோட்டமான நிழலில் வைத்து மணலை ஈரமாகவே வைத்திருங்கள். ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. இது பாட்டியின் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கென்யாவில் ஓர் அகதி முகாமின் வீடுகளில் அளந்த வெப்பத்தை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்தார்கள். 25-க்கும் 37-க்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்தும் இன்சுலின் வீரியம் இழக்கவில்லை என்று 2021-இல் வெளியிட்டார்கள். ஆனால் நம் ஊர் சித்திரை மாதத்தில் பூட்டிய காரின் டேஷ்போர்டு 37-இல் நிற்காது. அங்கே பத்து நிமிடம்கூட வைக்காதீர்கள்.

4. முதல் ஊசிக்கு முன்பே: லோ சுகர் டப்பா

இதைக் கடைசியில் சொல்வதுதான் வழக்கம். நான் முன்னால் கொண்டுவருகிறேன், ஏனென்றால் இந்த டப்பா தயாராகாமல் முதல் ஊசியைப் போடக்கூடாது.

சுகர் 70-க்குக் கீழே போனால் லோ சுகர். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல். “அப்பா இன்னிக்கு என்னமோ வள்ளுவள்ளுன்னு விழறாரு” என்று வீட்டில் தோன்றினால், சண்டைக்குப் போகும் முன் மீட்டரை எடுங்கள். பிபிக்கு மெட்டோப்ரோலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம்; வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

டப்பாவில் வைக்க வேண்டியது குளுக்கோஸ் பவுடர். 15 கிராம், அதாவது தோராயமாக மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ வாழைப்பழமோ ஏதாவது சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இறங்கும்.

வீட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது உடனே உதவாது. சர்க்கரையைக் குடலில் உடைக்கும் வேலையைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான். உங்கள் மாத்திரை அட்டையின் பின்னால் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று இப்போதே திருப்பிப் பாருங்கள். சாக்லேட்டும் பால் இனிப்பும் கொழுப்போடு சேர்ந்து மெதுவாகத்தான் ஏற்றும், அவசரத்துக்கு ஆகாது.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்தக் கதை இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு மட்டும் தெரிந்தால் பயனில்லை. சுகர் இறங்கியவருக்கு அந்த நேரம் யோசனை ஓடாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

5. சுகர் பார்த்துவிட்டு எடுங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே விரலில் குத்துங்கள். பலாச்சுளை உரித்த விரலில் குத்தி 340 பார்த்துப் பயந்து வந்தவரை எனக்குத் தெரியும். கழுவிவிட்டுப் பார்த்தோம், 160. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடிவிடுங்கள், ஈரம் பட்டால் எண் மாறும்.

சாப்பாட்டுக்கு முன் 70-க்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல் முதலில் லோ சுகரைச் சரி செய்யுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு போடுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்திருங்கள்.

6. பாட்டிலிலிருந்து எடுக்கும் முறை

பால் போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினை முதலில் கலக்க வேண்டும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டுங்கள், பிறகு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். மருந்து அடியில் படிந்திருக்கும். கலக்காமல் எடுத்தால் ஒருநாள் நீர்த்த மருந்தும் ஒருநாள் கெட்டியானதும் உள்ளே போகும். இருமல் மருந்தைக் குலுக்குவது போலக் குலுக்கினால் நுரை வந்து அளவு தப்பும். கலக்கிய பின்னும் துகள் மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படிந்தது போல் ஒட்டியிருந்தாலோ அந்தப் பாட்டில் வேண்டாம். கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டிய வகையாக இருந்தால் உருட்டத் தேவையில்லை. அது கலங்கித் தெரிந்தால் கெட்டுவிட்டது.

ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். எடுக்கப்போகும் யூனிட் அளவுக்குச் சிரிஞ்சில் காற்றை இழுங்கள். பாட்டிலை மேசையில் நிமிர்த்தி வைத்து அந்தக் காற்றை உள்ளே தள்ளுங்கள். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காற்றுப் போகாமல் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் பாட்டிலுக்குள் வெற்றிடம் உண்டாகி, பாதிப் பாட்டிலுக்கு மேல் இழுக்கவே வராது, குமிழிதான் வரும்.

இப்போது ஊசியோடு பாட்டிலைத் தலைகீழாக்கி, தேவைக்குமேல் இரண்டு மூன்று யூனிட் இழுங்கள். சிரிஞ்சை விரலால் தட்டினால் குமிழி மேலே ஏறும். அதையும் கூடுதல் மருந்தையும் பாட்டிலுக்கே திருப்பித் தள்ளிச் சரியான கோட்டில் நிறுத்துங்கள். தோலுக்கடியில் சின்னக் குமிழி போனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குமிழி பிடித்திருக்கும் இடத்துக்கு மருந்து குறையும்.

கோட்டைப் படிப்பதில் ஒரு விஷயம். கறுப்பு ரப்பருக்கு இரண்டு விளிம்பு தெரியும். ஊசிப் பக்கம் இருக்கும் மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். கீழ் விளிம்பைப் பார்த்து எடுக்கிறவர்களுக்குத் தினமும் சில யூனிட் குறைவாகவே போகிறது. சிரிஞ்சைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். கண்புரை உள்ளவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வதை நான் விடமாட்டேன்; வீட்டில் வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும், அல்லது பேனாவுக்கு மாறட்டும்.

தெளிந்ததும் கலங்கலும் தனித்தனிப் பாட்டில்களாக இருந்து, ஒரே சிரிஞ்சில் எடுக்கச் சொல்லியிருந்தால்: தெளிந்தது முதலில், கலங்கல் பிறகு. கலங்கல் மருந்து ஒரு சொட்டு தெளிந்த பாட்டிலுக்குள் போனாலும் அந்தப் பாட்டிலின் வேகம் மாறிவிடும். கிளார்ஜினை எதோடும் கலக்கக்கூடாது.

7. பேனாவாக இருந்தால்

கலங்கல் மருந்துக்கு உருட்டல், கவிழ்த்தல் இங்கேயும் உண்டு. புது ஊசியை மாட்டி, 2 யூனிட் திருப்பி, ஊசி மேல்நோக்கி இருக்க அமுக்குங்கள். நுனியில் ஒரு சொட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி. இதை “மருந்து வீண்” என்று விட்டுவிடுகிறவர்கள், அடைத்திருக்கும் ஊசியில் பட்டனை அமுக்கிவிட்டுப் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். பேனா சொல்லும் எண் நீங்கள் திருப்பிய எண். உள்ளே போன எண் வேறாக இருக்கலாம்.

ஊசிக்கு இரண்டு மூடி. வெளி மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் மெல்லிய மூடியை அப்படியே விட்டுக் குத்த முயன்றவர்கள் எத்தனை பேர்! சிரிக்காதீர்கள், முதல் நாள் பதற்றத்தில் எல்லோருக்கும் நடக்கும்.

போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் வெப்பத்தில் மருந்து கசியும், குளிர்ந்தால் காற்று உள்ளே இழுக்கப்படும்.

8. எங்கே போடுவது

வயிறு, தொடையின் முன்-வெளிப்பக்கம், மேற்கையின் பின்புறம், புட்டத்தின் மேல்பகுதி. வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை விட்டுவிடுங்கள். பழைய வகை இன்சுலின் வயிற்றில் வேகமாகவும் தொடையில் மெதுவாகவும் ஏறும். காலையில் வயிறு, மாலையில் தொடை என்று வைத்துக்கொண்டால் தினமும் ஒரே மாதிரி வேலை செய்யும். நினைத்த இடத்தில் நினைத்தபடி போட்டால் சுகரும் நினைத்தபடி ஆடும்.

ஒரே பகுதிக்குள்ளும் ஒரே புள்ளியில் போடக்கூடாது. நேற்றுக் குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம் என்று சுற்றினால் கணக்கு மறக்காது.

ஒரே இடத்தில் போட்டால் அங்கே கொழுப்பு தடித்துக் கட்டியாகும். அது வலிக்காது. வலிக்காததாலேயே ஜனங்கள் அங்கேயே தேடிப்போய்ப் போடுகிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்குத் தடிப்பு, நானும் இரண்டு வருடம் கவனிக்கவில்லை. அந்தக் கட்டியில் போகும் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. வாரத்துக்கு ஒருமுறை குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரலை நகர்த்தித் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிடுங்கள். நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸ் அதிகமாக வேலை செய்யும் என்பதால், மாறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

9. குத்துவது

4 மி.மீ. பேனா ஊசியை நேராக, 90 டிகிரியில் குத்தினால் போதும்; தோலைப் பிடிக்க வேண்டியதில்லை. தோலின் தடிமன் ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 2 முதல் 2.5 மி.மீ. வரை. “நான் குண்டு, எனக்குப் பெரிய ஊசி” என்பது வீண் கவலை. சிரிஞ்சு ஊசி 6 அல்லது 8 மி.மீ. இருக்கும். அதற்குக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரலால் தோலைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தசைக்குள் போய், மருந்து வேகமாக ஏறிவிடும்.

ஸ்பிரிட்டால் துடைத்தால் காய்ந்த பிறகு குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். குளித்துச் சுத்தமாக இருக்கும் தோலுக்கு ஸ்பிரிட்டே தேவையில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டாலும் எரியும்.

மெதுவாக முழுவதும் தள்ளி, பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். பிறகு பிடித்த தோலை விடுங்கள். எண்ணாமல் உருவினால் தோல் மேல் ஒரு சொட்டு நிற்கும்; அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய யூனிட். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

ஊசி ஒருமுறைக்குத்தான் என்பது விதி. செலவு பார்த்துப் பலர் நான்கைந்து முறை போடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மழுங்கிய முனை வலியைக் கூட்டும், கட்டி வருவதையும் கூட்டும். எப்படியானாலும் ஊசி முனையை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், வழுக்கிப் போவதற்காக இருக்கும் சிலிகான் பூச்சு போய்விடும். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சுகர் என்றாலும் ஊசி தனித்தனி, பேனாவும் தனித்தனி. ஊசியை மட்டும் மாற்றினால் போதாது. கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தம் திரும்பிப் போயிருக்கலாம்.

10. எழுதி வையுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, போடும் முன் சுகர், எத்தனை யூனிட், எந்த இடம், ஏதாவது விசேஷம். “விசேஷம்” என்ற கட்டத்தில்தான் விடை இருக்கும்: “கல்யாணம்”, “காய்ச்சல்”, “சாப்பிட 3 மணி ஆச்சு”.

முதல் சில வாரம் டோஸ் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து நோய் முற்றுவதாகப் பயப்படுகிறார்கள். பாதுகாப்புக்காகக் குறைவாகத் தொடங்கி, வெறும் வயிற்று எண்ணைப் பார்த்து இரண்டிரண்டு யூனிட்டாக ஏற்றுவது வழக்கமான முறை. காலையில் மட்டும் எண் அதிகமாக இருந்து, இரவில் வியர்வை, கெட்ட கனவு, எழுந்ததும் தலைவலி என்றால் டோஸை ஏற்றும் முன் ஒருநாள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து சுகர் பாருங்கள். நடு இரவில் இறங்கியிருந்தால் டோஸை ஏற்றுவது எதிர்த்திசையில் போவது.

இன்னொன்று. பல வருடமாக ஒரே டோஸில் இருந்தவருக்குத் திடீரென்று அடிக்கடி இறங்கினால் “சுகர் குணமாகிவிட்டது” என்று சந்தோஷப்படாமல் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சிறுநீரகம் சோர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும்.

11. வழக்கம் மாறும் நாட்கள்

கல்யாண வீடு: மண்டபத்துக்குக் கிளம்பும்போது போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதல் பந்தி நிரம்பி, இரண்டாம் பந்திக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டி வரும். மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. கையோடு கொண்டுபோய், பந்தியில் இடம் பிடித்த பிறகு போடுங்கள். அரை மணி இடைவெளி இல்லாவிட்டால் சாப்பிட்ட பின் சுகர் கொஞ்சம் ஏறும். அது மண்டபத்தில் மயங்கி விழுவதைவிட மேல்.

விரதம்: சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு எதுவானாலும் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். கலவை இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினி இருப்பது நேராக லோ சுகரில் கொண்டுபோய் விடும்.

காய்ச்சல், வாந்தி: சாப்பிடவில்லை என்றாலும் காய்ச்சலில் சுகர் ஏறும். சாப்பிடவில்லையே என்று இன்சுலினைத் தாங்களாகவே நிறுத்துவது பெரிய தவறு. டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை நீரிழிவு) உள்ளவர்கள் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக்கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பார்த்து, அன்றைய அளவைப் போனில் கேட்டுப் போடுங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாந்தி தொடங்கினால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரை அழையுங்கள். சுகர் அதிகமாகத் தெரியாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும்.

பயணம்: விமானத்தில் கைப்பையில்தான், சீட்டோடு. கீழே போடும் பெட்டியில் உறைய வாய்ப்பு உண்டு. பேருந்தில் ஈரத்துணி சுற்றிய டப்பா போதும். ஐஸ் கட்டியை நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள்.

12. போட்ட ஊசியை என்ன செய்வது

கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சுவர் தடித்த பழைய பினாயில் கேன் மாதிரி. மேலே பெரிய எழுத்தில் “ஊசி” என்று எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். போட்டவுடன் மூடி மாட்டாமல் நேராக அதற்குள் போடுங்கள்; விரலில் குத்துவது மூடி மாட்டும்போதுதான். விரல் குத்தும் லான்செட்டும் அதற்குள்ளேயே. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை டேப் போட்டு ஒட்டி, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது உங்கள் மருத்துவமனையிலேயே கேட்டு ஒப்படையுங்கள். குப்பைப் பையில் போட்டால் காலையில் வாசலுக்கு வந்து அதைப் பிரித்துக் கொட்டுகிறவர் கையில் குத்தும். அவர்கள் பலருக்குக் கையுறைகூடக் கிடையாது.